வெள்ளவத்தை ஓ.எல் ஹிஸ்டரி கிளாஸ்: சேர் சூப்பர், ஹோல்தான் சரியில்ல

மகளை வெள்ளவத்தைல ஒரு சண்டே ஹிஸ்டரி கிளாஸுக்கு போட்டிருக்கோம், எப்படிண்டு நிறைய பேர் கேக்குறதால எழுதுறேன். எங்கட காலத்துல கைத்தொழில் புரட்சிண்டா எந்த மெஷினை யார் கண்டுபிடிச்சாண்டு பாடமாக்குறது மட்டும்தான். இந்த சேர் வேலைக்கு போன சனத்துலருந்து தொடங்குறார். வீட்டுல தறி வச்சிருந்த நெசவாளி திங்கக்கிழமை கள்ளம் போட்டாலும் கேக்க ஆளில்ல, கிழமை கடைசில ராப்பகலா இழுத்து முடிச்சிடுவாராம். பிறகு ரிச்சர்ட் ஆர்க்ரைட்ண்ட முதலாளி 1771ல இங்கிலாந்துல குரோம்ஃபோர்ட்ல பஞ்சு மில் தொடங்கினதும் எல்லாம் மணியடிச்சுத்தான், 12 மணித்தியால ஷிஃப்ட், இரவுலயும் மெஷின் ஓடும், லேட்டா வந்தா கேட் பூட்டு, அண்டைய சம்பளமும் இல்ல.

எனக்கு பிடிச்சது டியுட்ல (சேர் அடிச்சுத் தர்ற பாடத் தாள்) இருந்த ஒரு கேள்வி. பிரிட்டன்ல வந்த 1833 தொழிற்சாலை சட்டப்படி 9 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களை பஞ்சு மில்லுல எடுக்கேலாது, 13 வயசுக்கு கீழண்டா கிழமைக்கு 48 மணித்தியாலம்தான். இதை செக் பண்ண முழு நாட்டுக்கும் போட்ட இன்ஸ்பெக்டர்மார் 4 பேர்! அப்ப சட்டம் எப்படி நடந்திருக்கும்ண்டு எழுதிட்டு வர சொல்லியிருக்கார். ஒரு பக்கம் எழுதவே அழுவுற என்ட மகள் இதுக்கு ரெண்டு பக்கம் எழுதினா.

ஹெவ்லொக் சிட்டி அபார்ட்மெண்ட்ஸ் நிக்கிற காணி முந்தி வெள்ளவத்தை நூல் மில் இருந்த இடம்ண்டு சேர் சொல்லித்தான் பாதி பிள்ளைங்களுக்கு தெரியும். 1933ல அங்க நடந்த ஸ்ட்ரைக், அதுல நிண்ட மலையாளி தொழிலாளிங்க, யூனியன்ல இருந்த இடதுசாரி தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எல்லாம் வரும், பிறகு 1978ல தொடங்கின கட்டுநாயக்க சோன் (சுதந்திர வர்த்தக வலயம்), ஊர்லருந்து வந்து போர்டிங் ரூம்ல தங்கி கார்மண்ட் ஃபாக்டரிக்கு போற பொம்பளைப் பிள்ளைங்கண்டு இங்கத்த கதைக்கே கொண்டு வந்துடுறார். சிலபஸை விட்டு வெளிய போறார்ண்டு சில பேரன்ட்ஸுக்கு முறைப்பாடு, எனக்கு அது பிரச்சினையில்ல.

பிரச்சினை ஹோல். அவிச்ச மாதிரி சூடு, ஃபேன் காத்து பின் பெஞ்சுக்கு வராது, மைக்கும் கரகரண்டு. எழுதிக் குடுத்த ஆன்சரை திருத்தித் தர ரெண்டு மூணு கிழமை போகுது. பாஸ்ட் பேப்பர் செய்றதும் குறைவு, எம்சிகியூக்கு வேற கிளாஸ் தேவைப்படும். கட்டுரை எழுத பயப்படுற பிள்ளைண்டா யோசிக்காம போடுங்க, ஆனா நேரத்தோட அனுப்புங்க, முன் வரிசை டக்குண்டு நிறைஞ்சிடும்.