படகை மறிப்பதா, ஆளை விசாரிப்பதா?

“யாரென்றே தெரியாதவர்களை எப்படி உள்ளே விடுவது?” அகதிகள் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் மாடி வீட்டுப் பெரியவர் கேட்பது இது. கேள்வியில் தப்பே இல்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதை அறிந்த சென்னைக்காரர் யாரும் அந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் பயத்துக்குக் கதவைச் சாத்துவது ஒன்றுதான் மருந்தா? பணக்கார நாடுகள் இதற்கு வேறு வேறு வழிகளில் போயிருக்கின்றன. அதில் இரண்டு வழிகள் எப்படிப்பட்டவை என்பதைத் தமிழர்கள் ஏறிப்போன கலங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

2014 ஜூனில் புதுச்சேரிக் கரையிலிருந்து 157 ஈழத்தமிழர்கள் ஒரு படகில் கிளம்பினார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பல் நடுக்கடலில் மறித்து, கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர்களைக் கடலிலேயே வைத்திருந்தது. அப்புறம் சில நாள் ஆஸ்திரேலிய மண்ணில் ஒரு முகாம், அங்கிருந்து பசிபிக் கடலில் தனி நாடாக இருக்கும் நவுரு தீவு. படகில் வந்தவர் உண்மையான அகதி என்று நிரூபணமானாலும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று 2013 ஜூலையிலேயே அறிவித்திருந்தார்கள்.

இந்த வழியிலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. படகுகள் வருவது ஏறக்குறைய நின்றது. கடலில் மூழ்கிச் சாவதும் குறைந்தது. ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் தெரிய வேண்டியது அந்த 157 பேர் யார், யாரிடமிருந்து ஓடி வந்தார்கள் என்பதுதான். தீவில் அடைப்பதால் மட்டும் அந்த விவரம் கிடைத்துவிடாது. பல நூறு கோடி டாலர் செலவானது, மனிதர்கள் மனம் உடைந்து போனார்கள். ஆஸ்திரேலியா ஆட்களை அனுப்பிய இன்னொரு தீவான மானஸில் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று பப்புவா நியூகினி உச்ச நீதிமன்றமே 2016இல் சொன்னது.

கனடாவின் கதை இதற்கு நேர் எதிர் என்று சொல்லிவிட முடியாது. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழர்களோடு போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் அரசு பயந்தது. கப்பலில் புலிகள் இருக்கலாம் என்று அமைச்சரே பேசினார். எல்லோரையும் தடுப்புக் காவலில் வைத்தார்கள், பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். பிறகு சட்டத்தையும் இறுக்கினார்கள். ஆனாலும் ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு அகதி என்ற அங்கீகாரம் கிடைத்தது, சிலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கப்பலை ஒரே மூட்டையாகப் பார்க்காமல் ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கனடாவில் இன்னொன்றும் உண்டு. 1979இல் வியட்நாம் அகதிகள் வந்த காலத்திலிருந்து, 2024 நவம்பரில் புது மனுக்கள் வாங்குவதை நிறுத்தி வைக்கும் வரை, சாதாரண மக்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்க முடிந்தது. ஒரு வருடத்துக்கு வாடகை, சாப்பாடு, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது எல்லாம் அவர்கள் பாடு. 2015 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் நடுவில் 25,000க்கு மேற்பட்ட சிரியர்கள் வந்தார்கள். அரசு கூட்டி வந்தவர்களோடு இப்படிப் பொறுப்பெடுக்கப்பட்டவர்களும் அதில் உண்டு. விசாரணையும் மருத்துவப் பரிசோதனையும் லெபனான், ஜோர்டான் போன்ற நாடுகளிலேயே முடிந்துவிட்டன. வந்து இறங்கிய குடும்பத்தை வாரம் ஒருமுறையாவது வந்து பார்க்கிற ஐந்து பேர் இருப்பதைவிடப் பெரிய காவல் எனக்குத் தெரியவில்லை.

சரி, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த கனடாவுக்கு இது சுலபம் என்பார்கள். உண்மைதான். 2015இல் மட்டும் சுமார் 8,90,000 பேர் வந்த ஜெர்மனிக்கு அந்த வசதி கிடையாது. 2016 டிசம்பரில் பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரியை ஓட்டி உயிர்களைப் பறித்தவர் தஞ்சம் கேட்டு வந்தவர். ஆனால் அவருடைய மனுவை ஏற்கெனவே நிராகரித்திருந்தார்கள். துனீசியாவிலிருந்து பயண ஆவணம் வராததால் அனுப்ப முடியாமல் கிடந்த ஆள் அவர். அங்கே ஓட்டை, உள்ளே விட்டதைவிட, முடிவெடுத்த பின் செயல்படுத்த முடியாமல் போனதில் இருந்தது. பயப்படுகிற நாடுகள் விசாரணை அதிகாரிகளுக்கும் நீதிபதிகளுக்கும் பணம் ஒதுக்கட்டும் என்பேன்.

நம் ஊர் வழியையும் சொல்லாமல் விட முடியாது. 1983க்குப் பின் தமிழ்நாடு லட்சக்கணக்கான ஈழத்தமிழருக்கு இடம் கொடுத்தது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு, பணக்கார நாடும் இல்லை. அது பெருமைதான். ஆனால் 1991க்குப் பின் சிலர் செய்த குற்றத்தின் நிழல் எல்லா முகாம்கள் மேலும் விழுந்தது. 2021இல் முகாம்களின் பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது, பணக்கொடையும் கூடியது. குடியுரிமை மட்டும் வரவில்லை.

1983இல் சிறுவனாகக் கனடாவுக்கு அகதியாகப் போன ஹரி ஆனந்தசங்கரி, 2025இல் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். எல்லையைக் காக்கிற துறையே அவர் கையில் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் புழல் காவாங்கரை முகாமிலேயே பிறந்தவர், பொறியியல் படித்தவர். முகாமில் கணக்கெடுப்பு என்றால் இன்றும் லீவு போட்டுவிட்டு, அம்மாவோடு வரிசையில் போய் நிற்கிறார்.