மெயில் சர்வர் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்! 18,500 ரூபாய் போச்சு

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்கிறோம். கம்பெனிப் பெயரிலேயே மெயில் வேண்டும் என்று, வெப்சைட், மெயில் சர்வர் எல்லாம் அமைத்துத் தரும் உள்ளூர்க் கடை ஒன்றுக்கு 18,500 ரூபாய் கொடுத்தேன்.

நம்ப வைத்த விதத்தை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. என் கண் முன்னாலேயே கடைக்காரர் சேல்ஸ் முகவரியிலிருந்து அக்கவுண்ட்ஸ் முகவரிக்கு ஒரு மெயில் தட்டினார். உடனே 'டிங்'. "பாத்தீங்களா சார், ராக்கெட்டு!" அங்கேயே முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன். இரண்டு முகவரியும் ஒரே சர்வரில் இருப்பவை. மெயில் அதை விட்டு வெளியே போகவே இல்லை. இது அவருக்குத் தெரியாதா என்ன?

வெளியே அனுப்பிய கொட்டேஷனெல்லாம் திரும்பி வந்தது. ஜிமெயில் 550-5.7.25 என்று பிழை எண் காட்டித் திருப்பியது; பெங்களூர் பார்ட்டியின் சர்வர் 504 என்ற பிழையோடு தள்ளியது. போன் போட்டால் முதலில் "டிஎன்எஸ் மாற 48 மணி நேரம் ஆகும் சார்" (டிஎன்எஸ் என்றால் இணையத்தின் பெயர்ப் பட்டியல்). அப்புறம் "கூகுள் பக்கம் பிரச்சினை". அப்புறம் "உங்க பிடிஎஃப் பெரிசா இருக்கு". கடைசியில் "பிடிஆர் தனி வேலை சார், 4,000 ஆகும்". இப்போது போனே எடுப்பதில்லை. தோத்தாபுரி கூழுக்கு விலை கேட்ட பார்ட்டி வேறு இடம் பார்த்துவிட்டார்.

ஓசூரில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் மச்சான் மகன்தான் திறந்து பார்த்தான். "மாமா, உங்க சர்வர் போற இடமெல்லாம் 'என் பேரு லோக்கல்ஹோஸ்ட்'னு சொல்லிட்டு நிக்குது. யாரு உள்ள விடுவாங்க?" லோக்கல்ஹோஸ்ட் என்றால் எந்தக் கம்ப்யூட்டரும் தன்னையே அழைக்கும் பொதுப் பெயர். மெயில் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ஹோஸ்ட்நேமை, அதாவது சர்வரின் பெயரை, மாற்றவே இல்லையாம். டொமைனோடு சேர்த்து முழுப் பெயர் வைக்க வேண்டும். டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரைக் கேட்டால் நம் ஐபி (சர்வரின் இணைய எண்) வர வேண்டும், ஐபியைக் கேட்டால் அதே பெயர் வர வேண்டும். இந்த இரண்டாவதுதான் பிடிஆர். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் தனக்கு மெயில் அனுப்புகிறவர்களிடம் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. பிடிஆர் வைக்கும் வசதியை டொமைன் வாங்கிய இடத்தில் தேடாதீர்கள், ஐபி கொடுத்த சர்வர் கம்பெனியிடம்தான் இருக்கும். எனக்கு அவர்கள் பேனலிலேயே இருந்தது, பைசா கேட்கவில்லை. அதற்குத்தான் 4,000!

சோதனை மெயிலை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் 'ஷோ ஒரிஜினல்' திறந்து எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகள்) இரண்டும் 'பாஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். அதுவரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பில் கையோடு வாங்குங்கள். 18,500 ரூபாய்க்கு எனக்கு இன்னும் பில்லே வரவில்லை.