பலகை வீடு, மூன்று பூனைகள், 14 மாத ஃபிரண்ட்லைன் பிளஸ்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எங்கள் வீடு பழைய பலகை வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனை மரங்கள். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருந்தால் வீட்டில் பூனை இருந்தே ஆகவேண்டும். இப்போது மூன்று இருக்கின்றன: கரியன், மீனு, மீனுவின் மகள் பொட்டு. பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு இரவானால் மூன்றும் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும்.

ஃபிரண்ட்லைன் பிளஸ் பூனைச் சொட்டு மருந்தைப் போன வருடம் மே மாதத்தில் இருந்து போடுகிறேன், நடுவில் மூன்று மாதம் விட்டதைத் தவிர. அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பதுதான் இதை எழுதவே காரணம்.

முதலில் ஒரு விஷயம். இது தெள்ளுப்பூச்சிக்கான மருந்து. எங்கள் ஊரில் தெள்ளு, பேன் எல்லாவற்றையும் உண்ணி என்றே சொல்லிவிடுகிறோம். உண்ணி தோலைக் கடித்துக்கொண்டு ஒரே இடத்தில் உப்பி நிற்கும். தெள்ளு முடிக்குள் ஓடும், குதிக்கும். கண்ணில் படவில்லை என்றால் ஈரமான வெள்ளை டிஷ்யூவைத் தரையில் விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி, வாலடியில் பேன்சீப்பால் சீவுங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக விழும். வெறும் மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் அரை நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஊறும். அது பூனையின் ரத்தம். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

இந்த மருந்துக்கு நான் மாறியதற்கு ஒரு கெட்ட அனுபவம் காரணம். போன வருடம் ஏப்ரலில் கரியன் சொறிந்து சொறிந்து வாலடியில் முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. டவுனில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் நாய்க்கான சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்து, "பூனைக்குப் பாதி ஊத்துங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்றார். நம்பினேன். காலை ஏழு மணிக்கு ஊற்றிவிட்டு எண்ணெய் ஆலை ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் அப்பா போன் செய்தார். "கரியன் காது துடிக்குதும்மா. நிக்க முடியாம விழுது."

நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது குளியலறைத் தரையில் கிடந்தான். காது, மீசை, முகத்துத் தோல் எல்லாம் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி) மகன் காரை எடுத்தார். ஈப்போவில் விலங்கு மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் முதலில் கேட்டது மருந்துப் பெட்டியைத்தான். பார்த்தவுடன், "பெர்மெத்ரின்" என்றார். நாயின் உடம்பு அதைச் சமாளித்துவிடும். பூனையின் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் சக்தி கிடையாது. பாதி ஊற்றினாலும் நாய் மருந்து பூனைக்கு விஷம்தான். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் மருந்தைக் கழுவி எடுத்து, நடுக்கத்தை அடக்க ஊசி போட்டு, இரண்டு இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். அந்தக் கடைப் பக்கம் நான் திரும்பிப் போகவில்லை. இதைப் படிப்பவர்கள் யாருமே நாய்ப்படம் போட்ட பெட்டியைப் பூனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கரியன் தேறிய பிறகு அந்த டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் ஃபிரண்ட்லைன் பிளஸ். இதில் இரண்டு மருந்து இருக்கிறது. ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, அங்கிருந்து உடம்பு முழுக்கப் பரவுகிறது. பூனைமேல் ஏறும் தெள்ளு சுமார் ஒரு நாளுக்குள் செத்துவிடும். மெத்தோப்ரீன், முட்டையும் புழுவும் வளர்ந்து தெள்ளாக மாறாமல் தடுக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டைகூட இடும் என்பதால் இந்த இரண்டாவது மருந்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

போடுவது சுலபம், ஆனால் அவசரப்படக் கூடாது. எங்கள் வீட்டில் அப்பா கெம்போங் மீனில் ஒரு துண்டை விரலில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவார். நான் பின்னால். மண்டையோடு முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், பூனையின் நாக்கு எட்டாத இடத்தில், முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கினால் வெளிறிய தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில்தான் ஊற்ற வேண்டும். முடியின்மேல் ஊற்றினால் மருந்து வீண். குழாயின் முனையை ஒடித்து, தோலில் வைத்து, ஒரே அமுக்கு. அரை மில்லிதான், இரண்டு நொடியில் முடிந்துவிடும். அந்த இடத்து முடி ஒரு நாள் எண்ணெய் வைத்த மாதிரி ஒட்டிக் கிடக்கும், பிறகு சரியாகிவிடும். காயும் வரை மூன்றையும் தனித்தனி அறையில் விடுகிறேன், ஏனென்றால் மீனு மற்ற இரண்டையும் நக்கிக்கொண்டே இருப்பாள். மருந்தை நக்கினால் பூனைக்கு எச்சில் நுரைநுரையாக வரும். ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது.

மேயில் தொடங்கினேன். ஜூலைக்குள் சொறிதல் நின்றது. ஆகஸ்டில் கரியனின் வாலடியில் முடி முளைத்தது. அக்டோபரில் டிஷ்யூவில் ஒரு கறுப்புத் துகள்கூட விழவில்லை. தீபாவளிச் செலவும் சேர்ந்துகொண்டது. பூச்சிதான் இல்லையே, இனி எதற்கு என்று நிறுத்தினேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய், தங்கை வீட்டில் நான்கு நாள் தங்கினோம். பூனைகளுக்கு மக்சிக் வெளியிலேயே சோறு வைத்தார். வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கூடத்தைக் கடந்து அப்பாவின் அறைக்குள் போனேன். கணுக்காலில் ஊசி குத்துவது மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் என் வெள்ளைக் காலுறையில் கடுகு தெளித்த மாதிரி ஏழெட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. உதறினால் குதித்து மறுபடி ஏறின. வீட்டுக்குள் அப்போது ஒரு பூனைகூட இல்லை.

டாக்டரிடம் போனில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. பூனைமேல் நாம் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் 100க்கு 5 தான். மீதி எல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில்தான் கிடக்கிறது. முட்டை பூனையில் ஒட்டிக்கொள்ளாது, படுக்கும் இடத்தில் உதிர்ந்துவிடும். புழு வெளிச்சத்தை வெறுத்து இடுக்குக்குள் போகும். எங்கள் வீட்டுப் பலகைத் தரையில் இடுக்குக்கா பஞ்சம்? கூட்டுக்குள் போனபின் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக் காற்றும் பட்டவுடன் வெளியே வரும். நான்கு நாள் ஆள் நடமாட்டம் இல்லாத வீட்டுக்குள் நாங்கள் நுழைந்ததும், காத்திருந்தது அத்தனையும் ஒன்றாக வந்துவிட்டது.

குளிர் நாடுகளிலாவது வெளியே குளிர்காலம் வந்து கொஞ்சம் தணியும். நமக்கு ஜனவரியும் ஒன்றுதான் ஜூலையும் ஒன்றுதான். எந்த மாதமும் சூடு, எந்த மாதமும் ஈரம். முட்டை தெள்ளாவதற்கு மூன்று வாரம் போதும். இங்கே மருந்தை நிறுத்தலாம் என்று ஒரு மாதமே கிடையாது.

பிப்ரவரியில் மறுபடி தொடங்கினேன். மீனு அப்போது சினை. சினைப் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் இதைப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஊற்றினேன். மார்ச்சில் மூன்று குட்டி போட்டாள். தரையில் இருந்து புதிது புதிதாக வந்துகொண்டிருந்த தெள்ளு குட்டிகளின்மேல் ஏறியது. எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இந்தச் சொட்டு போடக் கூடாது. தினமும் காலையிலும் இரவிலும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பேன்சீப்பால் சீவி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கினேன். ஐந்தாவது வாரத்தில் சின்னக் குட்டி பால் குடிக்க நகரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. கையில் எடுத்தால் கனமே இல்லை. அத்தனை சின்ன உடம்பில் தெள்ளு குடித்தது போக மிஞ்சிய ரத்தம் போதவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனோம், அன்றிரவே போய்விட்டது. வேலியோரம் அப்பா புதைத்தார். நவம்பரில் நான் மிச்சம் பிடித்த காசை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தச் சமயத்தில் வீட்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன், மருந்து பாதி வேலை என்றால் இது மீதிப் பாதி. தங்கையிடம் பழைய வேக்குவம் வாங்கி வந்து, ஒன்று விட்டு ஒரு நாள் பலகை இடுக்கு, கட்டிலின் கால், நாற்காலிக்கு அடி எல்லாம் இழுத்தேன். அந்த அதிர்வே கூட்டுப்புழுவை வெளியே வரவைக்கும், வந்தது பூனைமேல் ஏறி மருந்தில் சாகும். இழுத்த குப்பையை அப்போதே பிளாஸ்டிக் பையில் கட்டி வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பூனை படுக்கும் துணிகளை வாரம் ஒருமுறை கொதிதண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டேன். படிக்கட்டுக்கு அடியில் நிழல் மண்ணில் மூன்றும் படுப்பது வழக்கம், அந்த இடத்தைக் கூட்டி எடுத்து அப்பா பலகை வைத்து அடைத்துவிட்டார். வீட்டுக்குள் அடிக்கும் பூச்சி ஸ்ப்ரே எதுவும் வாங்கவில்லை. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் குடும்பத்து மருந்துதான் இருக்கிறது.

மூன்று வாரத்தில் குறைந்தது, மேயில்தான் முழுதாக நின்றது. நடுவில், மருந்து போட்டும் பூனைமேல் தெள்ளு ஓடுகிறதே என்று தோன்றும். மருந்து கெட்டுவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். தரையில் மிச்சம் இருப்பது தீரும் வரை அப்படித்தான் இருக்கும்.

அம்மா இருந்தவரை வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவார். எனக்கும் அந்த வாசனை பிடிக்கும், ஆனால் அதனால் தெள்ளு நின்று நான் பார்த்ததில்லை. மக்சிக் பூண்டு கொடுக்கச் சொன்னார். பூண்டு பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும், வேண்டாம். மண்ணெண்ணெய், கிருமிநாசினி தண்ணீர் எல்லாம் தோட்டத்தில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், பூனை தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும், ஊற்றியது வயிற்றுக்குள் போகும்.

இந்த மருந்து செய்யாத வேலையும் உண்டு. மீனுவின் பின்பக்கத்தில் காய்ந்த அரிசி மாதிரி ஒட்டியிருந்தது நாடாப்புழுவின் துண்டு. நக்கும்போது தெள்ளை விழுங்குவதால் வருவது. அதற்குத் தனியாகப் பிரசிகுவாண்டெல் மாத்திரை வாங்கினோம். காதுப் பூச்சியும் சேர்ந்து இருந்தால் செலமெக்டின் உள்ள சொட்டு பொருத்தமாக இருக்கும். மாதாமாதம் மறந்துபோகிறவர்களுக்கு ஃபுளூரலானர் சொட்டு இருக்கிறது, பிராவெக்டோ என்ற பெயரில், 12 வாரம் தாங்கும். நான் போட்டுப் பார்த்ததில்லை, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

விலை குறைவு இல்லை. மூன்று குழாய் கொண்ட பெட்டியாக வாங்கினாலும் எனக்கு ஒரு குழாய் 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆகிறது. மூன்று பூனைக்கு மாதம் 100 வெள்ளி எடுத்து வைக்கிறேன். கரியனை நாய் மருந்தில் இருந்து காப்பாற்ற ஆன செலவில் நான்கு மாத மருந்து வாங்கியிருக்கலாம். செலவைப் பார்த்து ஒரு பூனைக்கு மட்டும் போட்டு மற்றதை விடாதீர்கள். விட்ட பூனை ஒன்று போதும், வீடு முழுக்க முட்டை உதிர. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். குழாயில் தொகுதி எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அதைப் பூனைமேல் ஊற்ற மனம் வரவில்லை, தூக்கிப் போட்டேன். இப்போது டாக்டர் கிளினிக்கில் மட்டும்தான் வாங்குகிறேன். பூனைப்படம், தேதி, தொகுதி எண் மூன்றையும் பார்த்துத்தான் காசு கொடுக்கிறேன்.

மக்சிக் இரண்டாவது குட்டியை எடுத்துக்கொண்டார். அவர் பேரன் முயல் வளர்க்கிறான். இந்த மருந்து முயலுக்கு ஆகாது, அதனால் குட்டிக்கு ஊற்றும் நாளில் முயல் கூண்டைப் பூனை நெருங்காத இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதம் 5ஆம் தேதி, ஆபீசில் சம்பளம் போட்ட மறுநாள், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் ஊற்றிவிடுகிறோம்.