நிறுவும்போதே தடுப்பதா, வந்தபின் துடைப்பதா?

இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டு பிரவுசரைத் திறந்தால், முகப்புப் பக்கம் மாறியிருக்கும், கேட்காத டூல்பார் ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும். இதற்கு இரண்டு வழி: நிறுவும்போதே தடுப்பது, அல்லது வந்தபின் துடைப்பது.

தடுக்க வேண்டுமென்றால் 'எக்ஸ்பிரஸ்' பக்கம் போகாமல் 'கஸ்டம்' தேர்வைக் கொடுங்கள். ஏற்கெனவே டிக் போட்டு வைத்த கட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் கண்ணில் படும். சில நிறுவிகளில் 'டிக்ளைன்' பொத்தான் சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாதது போலக் கிடக்கும், ஆனால் அழுத்தினால் வேலை செய்யும் (நானே ஒருமுறை ஏமாந்து 'அக்ஸெப்ட்' கொடுத்தேன்). இவ்வளவு பொறுமை இல்லையா, இலவச மென்பொருள்களை நிறுவித்தரும் நினைட் (Ninite) தளம் வழியாக நிறுவுங்கள், கூட வரும் சரக்கை அதுவே மறுத்துவிடும்.

துடைப்பது இழுவை. கண்ட்ரோல் பேனலில் நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினால் அன்றைக்குக் கூடவே வந்தவை மாட்டும், சரி, ஆனால் அவற்றை நீக்கிய பிறகும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன் தங்கிவிடலாம், ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' வரியின் வாலில் ஏதோ ஒரு தள முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்புறம்தான் இந்த மிச்சங்களைத் துடைக்கும் கருவியான அட்வ்கிளீனர் (AdwCleaner), 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, இலவசம், நிறுவத் தேவையில்லை.

என் ஓட்டு தடுப்பதற்குத்தான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் எக்ஸ்டென்ஷன் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள்.