அந்த ஒரு இடம்: 2024-இன் இண்டி ராக் பாடல்களில் எனக்குப் பிடித்தவை

ஒரு பாட்டு நமக்குப் பிடித்துப்போவது முழுப் பாட்டுக்காக இல்லை, அதில் வரும் ஒரு இடத்துக்காக. "இரு இரு, அந்த இடம் வரட்டும்" என்று பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துவோமே, அந்த இடம். 2024-இல் வந்த இண்டி ராக் பாடல்களில் (பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராதவர்களின் ராக் என்று தொடங்கிய பெயர் அது) எனக்குப் பிடித்தவற்றை எழுதலாம் என்று உட்கார்ந்தபோது ஆல்பங்களின் பெயர்கள்கூட முதலில் வரவில்லை, அந்த இடங்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யோசித்துப் பார்த்தால் எல்லாமே பாடுகிறவரின் உடம்பு தெரிகிற இடங்கள். மூச்சு வாங்குவது, குரல் கரகரப்பது, இரண்டு குரல்கள் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தாமலே சேர்ந்து போவது. வழவழவென்று தேய்த்து எடுத்த பாட்டு எதுவும் இந்த வருடம் என்னிடம் ஒட்டவே இல்லை.

முதலிடம் யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது. வாக்ஸஹாட்சியின் 'ரைட் பேக் டு இட்'. வாக்ஸஹாட்சி என்பது கேட்டி கிரட்ச்ஃபீல்ட் பாட்டெழுதிப் பாடும்போது வைத்துக்கொள்ளும் பெயர், அவர் வளர்ந்த அலபாமாவில் இருக்கும் ஓர் ஓடையின் பெயர் அது. பாட்டு ஜனவரியிலேயே வந்துவிட்டது, அது இடம்பெற்ற 'டைகர்ஸ் பிளட்' ஆல்பம் மார்ச் 22-இல் வந்தது. ஜனவரியில் பிடித்த பாட்டு டிசம்பர் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு இதற்கு முன் நடந்ததில்லை.

முதன்முதலில் கேட்டபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் தொடங்குகிறது. பேஞ்சோ என்றாலே விரல் தெறிக்க ஓடும் என்று நினைத்திருந்தவன் நான், இதில் அது எந்த அவசரமும் இல்லாமல் உருண்டு வருகிறது. சரி, நல்ல பாட்டுதான் என்று தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பல்லவி வந்தது, கேட்டியின் குரலோடு இன்னொரு பாடகரான எம்.ஜே. லெண்டர்மனின் குரல் சேர்ந்தது, குழாயை மூடிவிட்டேன், தண்ணீர்ச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. கேட்டியின் குரல் நேராக, கணீரென்று நிற்கும் குரல். லெண்டர்மனுடையது தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவரின் குரல், பயிற்சி பெற்ற குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டும் ஒட்டவே கூடாது, ஆனால் பல வருடம் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர் மாதிரி ஒட்டிப்போகின்றன. பாட்டின் விஷயமும் அதேதான். விலகிப் போவது, மனசு எங்கெங்கோ அலைவது, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போலப் பழைய இடத்துக்கே திரும்பி வருவது. காதல் தொடங்குவதற்கு ஆயிரம் பாட்டு இருக்கிறது, முறிவதற்கு அதைவிட அதிகம் இருக்கிறது, நடுவில் கிடக்கும் அந்த நீண்ட காலத்துக்குத்தான் பாட்டே இல்லை. கை முழுக்க நுரையோடு மிச்சப் பாட்டையும் நின்றபடியே கேட்டேன்.

இதைத் தயாரித்தவர் பிராட் குக், பதிவு டெக்சஸில் உள்ள சோனிக் ரான்ச் ஸ்டுடியோவில். வாத்தியங்களுக்கு நடுவில் காற்றுப் போக வர இடம் விட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். டிரம்ஸ் எங்கேயும் குரலைத் தள்ளிக்கொண்டு முன்னால் வராது. ஆல்பம் முழுவதையும் கேளுங்கள், ஒதுக்க வேண்டிய பாட்டு ஒன்றுகூட இல்லை என்பது என் கருத்து.

லெண்டர்மனைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அவருடைய சொந்த ஆல்பத்துக்கும் வந்துவிடலாம். 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்', செப்டம்பர் 6. வெட்னஸ்டே என்ற வட கரோலினா குழுவில் கிட்டார் வாசிப்பவராக இவரை ஏற்கெனவே தெரிந்திருக்கும். இந்த ஆல்பத்தில் வரும் ஆண்கள் எல்லோருமே கொஞ்சம் தோற்றுப்போனவர்கள், அதை ஒப்புக்கொள்ளத் தெரியாதவர்கள். 'ரிஸ்ட்வாட்ச்' பாட்டில் ஒருவன் தன் கைக்கடிகாரத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறான், அது திசைகாட்டியும்கூட, போனும்கூட என்று. அதே மூச்சில் அது தான் தனியாக இருப்பதையும் காட்டும் என்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, பரிதாபப்படவும் முடியவில்லை, அவன் பக்கத்தில் போய்ச் சும்மா உட்காரத்தான் தோன்றுகிறது. ஆனால் என் பட்டியலில் இருப்பது 'ஷீஸ் லீவிங் யூ'. அதன் கடைசிப் பகுதியில் பாட்டின் தலைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வரும், அங்கே வெட்னஸ்டேயின் பாடகி கார்லி ஹார்ட்ஸ்மனின் குரல் பின்னாலிருந்து கேட்கும். அவள் உன்னை விட்டுப் போகிறாள் என்பதை ஒரு பெண்குரலே சொல்லும்போது அது செய்தி மாதிரி இல்லை, கதவு சாத்துகிற சத்தம் மாதிரி இருக்கிறது.

ஒரு குறை உண்டு. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'பார்க் அட் த மூன்' பத்து நிமிடம். அதில் பாட்டு என்று சொல்லக்கூடியது முதல் சில நிமிடங்கள்தான், மிச்சம் எல்லாம் ஒரே இரைச்சலான ரீங்காரம். முதல் தடவை போன்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்து எடுத்துப் பார்த்தேன். நாலைந்து தடவை கேட்டும் அது ஏன் அவ்வளவு நீளம் என்று எனக்குப் புரியவில்லை. பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

இப்போது 'ஸ்டார்பர்ஸ்டர்'. டப்ளின் குழுவான ஃபான்டெய்ன்ஸ் டி.சி. ஏப்ரலில் வெளியிட்டது, ஆகஸ்ட் 23-இல் வந்த 'ரொமான்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. இவர்களின் 2019 முதல் ஆல்பம் 'டாக்ரெல்' வெளிவந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதில் கரடுமுரடான கிட்டாரும் தெருவில் நின்று கத்துகிற மாதிரியான குரலும் இருக்கும். இந்தத் தடவை தயாரிப்பாளரை மாற்றிவிட்டார்கள். முதல் மூன்று ஆல்பங்களுக்கும் டான் கேரி, இதற்கு ஜேம்ஸ் ஃபோர்ட். அந்த மாற்றம் முதல் சில நொடிகளிலேயே தெரிகிறது. டிரம்ஸ் ஹிப் ஹாப் மாதிரி விழுகிறது, பாடகர் கிரியன் சாட்டன் ராப் பாடுவதற்கு மிக அருகில் வந்து சொற்களைக் கொட்டுகிறார், பல்லவிக்கு வந்ததும் ஒரு மூச்சை இழுக்கிறார்.

அந்த மூச்சுதான் இந்த வருடத்தில் நான் கேட்ட மிக நல்ல இசை என்று சொன்னால் மிகை என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். முங்கிப்போய் மேலே வருகிறவன் இழுக்கும் மூச்சு அது. அடுத்த வரிக்காக எடுக்கிற மூச்சு இல்லை, அதுவே தாளத்தில் ஒரு அடியாக உட்கார்ந்திருக்கிறது. லண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் தனக்கு வந்த பேனிக் அட்டாக்கிலிருந்துதான் இந்தப் பாட்டு வந்தது என்று சாட்டன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கும் ஒருமுறை வந்திருக்கிறது, ஒரு லிஃப்ட்டுக்காக வரிசையில் நின்றபோது. மூச்சு உள்ளே போகும், ஆனால் போதாது, இன்னும் இன்னும் என்று நெஞ்சு கேட்கும், சுற்றிலும் இருப்பவர்கள் சாதாரணமாக நின்றுகொண்டிருப்பார்கள். அதை நான் வீட்டில்கூட யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. பாட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உடம்பு அடையாளம் கண்டுகொண்டது. அடுத்த நாள் என் தங்கைக்கு இந்தப் பாட்டை அனுப்பி, "பல்லவியில ஒரு சத்தம் வரும் பாரு, அதுதான் அன்னிக்கு எனக்கு ஆச்சு" என்று எழுதினேன். "இப்பதான்ணா புரியுது" என்று பதில் வந்தது.

நடுவில் பாட்டு சட்டென்று இளகி, தாளம் பின்னால் போய், கொஞ்ச நேரம் கனவு மாதிரி மிதக்கும். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், திரும்ப அடிப்பார்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதிப் பாட்டுத்தான் கிடைக்கும், பேஸ் என்கிற அடித்தள ஒலி சுத்தமாகக் காணாமல் போய்விடும், அதனால் ஹெட்போன் கட்டாயம். அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஃபேவரிட்' இதற்கு நேர் எதிர், கிட்டார் வெயில் அடித்த மாதிரி பளிச்சென்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் வரும் பாடல்களில் இரண்டு மூன்று எனக்குச் சுமார்தான்.

வாம்பயர் வீக்கெண்ட் குழுவின் 'கேப்ரிகார்ன்' பற்றிச் சுருக்கமாக. மென்மையான பியானோப் பாட்டு, திடீரென்று அதன் மேல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி ஓர் இரைச்சல் வந்து விழுகிறது, ஆனாலும் மெட்டு கலையாமல் நிற்கிறது. இவர்கள் இருப்பது கொலம்பியா என்ற பெரிய கம்பெனியில், அப்படியானால் இது எப்படி இண்டி ஆகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாக்ஸஹாட்சியும் லெண்டர்மனும் ஆன்டி என்ற சுயாதீன லேபிளில், அதாவது பெரிய கம்பெனிகளைச் சேராத இசை வெளியீட்டு நிறுவனத்தில், இருக்கிறார்கள், ஃபான்டெய்ன்ஸ் எக்ஸ்.எல். லேபிளில். சொல்லின் பழைய அர்த்தப்படி இவர்கள்தான் இண்டி. ஆனால் இப்போது அது லேபிளின் பெயராக இல்லாமல் ஒலியின் பெயராக மாறிவிட்டது, அதோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை.

பழைய அர்த்தத்தில் முழுக்க முழுக்கச் சுயாதீனமான ஒன்று வேண்டுமென்றால் சிண்டி லீயின் 'டயமண்ட் ஜூபிலி' இருக்கிறது. விமன் என்ற கனடா குழுவில் இருந்த பேட்ரிக் ஃப்ளெகல்தான் சிண்டி லீ. 32 பாடல்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். மார்ச் கடைசியில் வெளியிட்டபோது எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இல்லை, யூடியூபில் ஒரே நீள வீடியோவாகப் போட்டார், கூடவே ஜியோசிட்டீஸ் என்ற பழைய காலத்து இணையதளப் பக்கத்தில் இறக்கிக்கொள்ள ஒரு கோப்பு. அவ்வளவுதான். விளம்பரம் இல்லாமல் வாய்வழியாகவே பரவியது. பாடல்கள் 1960-களின் வானொலி எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுவது போலக் கேட்கும், அலை விட்டு விட்டு வரும். ஒரே வீடியோ என்பதால் தாவித் தாவிக் கேட்கிற பழக்கம் அங்கே செல்லாது. எது எந்தப் பாட்டு என்று தெரியாமல்தான் நான் பல வாரம் கேட்டேன், 'டாலஸ்' என்ற பாட்டின் பெயரே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு மணி நேரமும் ஒரே மூச்சில் வேண்டாம், அது கொஞ்சம் அதிகம்தான்.

ஏட்ரியன் லெங்கரின் 'சேட்னஸ் அஸ் எ கிஃப்ட்' ராக் இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் பிக் தீஃப் குழுவின் குரல் அவர்தான், அதனால் இந்தப் பட்டியலில் அவருக்கு இடம் உண்டு. 'பிரைட் ஃப்யூச்சர்' ஆல்பம் டேப்பில் பதிவானது. ஓர் அறையில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பாட, நாமும் மூலையில் இருப்பது போன்ற ஒலி. வயலின் அவர் குரலைத் துரத்தாமல் கூடவே நடந்து வருகிறது.

கடைசியாக வந்தது கிம் டீல். பிக்ஸிஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், பிரீடர்ஸ் குழுவை நடத்துபவர். தன் சொந்தப் பெயரில் முதல் ஆல்பத்தை நவம்பர் 22-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 63. 'நோபடி லவ்ஸ் யூ மோர்'. இதில் சில பாடல்களைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. 1988-இல் பிக்ஸிஸின் 'சர்ஃபர் ரோசா', 1990-இல் பிரீடர்ஸின் 'பாட்', இரண்டையும் பதிவு செய்தவர் அவர்தான். உழைத்ததற்குக் கூலி மட்டும் போதும் என்று ராயல்டியை வேண்டாமென்றவர், தன்னைத் தயாரிப்பாளர் என்று போடவும் விடமாட்டார், பதிவு செய்தவர் என்றுதான் போட வேண்டும். 2024 மே 7-இல் 61 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய சொந்தக் குழு ஷெல்லாக்கின் ஆல்பம் பத்து நாள் கழித்து, ஏற்கெனவே குறித்த தேதியில், வந்தது. இந்த வருடம் அவர் பெயரை எந்த ஆல்பத்தில் பார்த்தாலும் மனசு கனத்துவிடுகிறது.

கிம் டீலின் ஆல்பத்தில் 'ஆர் யூ மைன்' என்று ஒரு பாட்டு. தலைப்பை மட்டும் பார்த்தால் காதல் பாட்டு. அது அவருடைய அம்மா கேட்ட கேள்வி. அம்மாவுக்கு அல்சைமர் நோய், ஒருநாள் வீட்டுக்குள் எதிரே வந்த மகளை அடையாளம் தெரியாமல், நீ என்னுடையவளா என்று கேட்டிருக்கிறார். இதைப் படித்த பிறகு என்னால் அந்தப் பாட்டை வேறு மாதிரி கேட்க முடியவில்லை. மெதுவான பாட்டு, கிம் டீல் குரலை உயர்த்துவதே இல்லை, கேள்வியை அம்மா கேட்ட அதே பிரியத்தோடு பாடுகிறார்.

என் பாட்டி கடைசி இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தார். போகும்போதெல்லாம் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "நீ எங்க வீட்டுப் புள்ளதானே?" என்று கேட்பார். ஆமாம் பாட்டி என்பேன். "அப்படித்தான் நெனச்சேன்" என்று கையை விடாமல் வைத்துக்கொள்வார். பெயர் கடைசி வரை நினைவுக்கு வரவில்லை.

இந்தப் பாடல்களைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'ரைட் பேக் டு இட்'டில் தொடங்குங்கள், 'ஸ்டார்பர்ஸ்டர்' இரண்டாவதாக இருக்கட்டும், சிண்டி லீயை ஒரு ராத்திரிக்கு ஒதுக்கி வையுங்கள். 'ஆர் யூ மைன்' கேட்கும்போது மட்டும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.