7107 மீட்டரா, குட்டி எல்இடி மீட்டரா? இரண்டையும் பிரித்துப் பார்த்தேன்

வீட்டில் செய்த பவர் சப்ளைக்கு ஒரு வோல்ட்மீட்டர் தேவைப்பட்டது. கடையில் இரண்டு வகை இருந்தன. முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் வாங்கி வந்தேன். ஒன்று, 40 கால் ஐசிஎல்7107 ஐசி போட்ட பழைய பாணி மூன்றரை இலக்க மீட்டர், அதாவது 1999 வரை காட்டுவது. மற்றது, மூன்று ஒயர் தொங்கும் கட்டைவிரல் அகலக் குட்டி மீட்டர். சர்க்யூட் தாள் இரண்டுக்கும் இல்லை. சரி, நாமே வரைவோம் என்று எது எதோடு இணைந்திருக்கிறது என்று பீப் அடித்துச் சொல்லும்படி மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு 7107-க்குத்தான்.

விலை, இடம், மின்செலவு மூன்றிலும் குட்டிதான் ஜெயிக்கும். போதாததற்கு 7107-க்கு பிளஸ் 5 வோல்ட்டோடு மைனஸ் 5 வோல்ட்டும் வேண்டும். என் போர்டில் அந்த மைனஸை உண்டாக்கவே ஒரு 7660 ஐசி உட்கார்ந்திருந்தது.

குட்டியை வரைய அரை மணி நேரம்தான். ஐசி மேல் இருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டிருந்தார்கள். ஆனால் 20 காலில் 7ஆவது கிரவுண்டு, 9ஆவது சப்ளை, நடுவில் 8ஆவதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர் மட்டும். புரோகிராம் போட்டு ஓட்டும் எஸ்டிஎம்8எஸ்003 சிப்புக்குக் கால்கள் இப்படித்தான் இருக்கும். அப்புறம் ஒரு ரெகுலேட்டர், வோல்டேஜைப் பங்கிட்டுக் குறைக்க இரண்டு ரெசிஸ்டரில் ஒரு டிவைடர், டிஸ்ப்ளே. அவ்வளவுதான். படம் முழுதாக வந்துவிட்டது, ஆனால் மீட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பது படத்தில் இல்லை. அது சிப்புக்குள் இருக்கும் புரோகிராமில் இருக்கிறது. 18ஆவது காலில், சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் எஸ்டி-லிங்க் கருவியை மாட்டிப் படிக்கப் பார்த்தேன். பூட்டியிருந்தது. பூட்டை எடுக்கலாம், எடுத்தால் புரோகிராமும் சேர்ந்து அழிந்துவிடும்.

7107-க்கு ஒரு மாலை முழுக்கப் போனது. டிஸ்ப்ளேவுக்கு மட்டும் 23 கோடுகள். கண் வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது, மிச்சமிருந்த கால்கள் ஒவ்வொன்றாக டேட்டாஷீட்டோடு ஒத்துப்போக ஆரம்பித்தன. 38, 39, 40 தாளம் போடும் ஆசிலேட்டர். 27, 28, 29 வோல்டேஜை அளக்கும் இன்டகிரேட்டர் பக்கம். 36ஆவது காலில் டிரிம்பாட்டிலிருந்து (திருகித் திருத்தும் குட்டி ரெசிஸ்டர்) வரும் ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் வோல்டேஜ். உள்ளே வரும் வோல்டேஜை ரெஃபரன்ஸால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் திரையில் தெரியும் எண். மொத்தக் கணக்கும் இதுதான்.

வாங்கியபோது இது 200 மில்லிவோல்ட் மீட்டர். முன்னால் 1 மெக் (மெகாஓம்), 10 கே (கிலோஓம்) என்று இரண்டு ரெசிஸ்டரில் ஒரு டிவைடர் போட்டேன். 12 வோல்ட் அதில் 118.8 மில்லிவோல்ட்டாகக் குறைகிறது. ரெஃபரன்ஸை 99.0 மில்லிவோல்ட்டுக்குத் திருப்பினால் திரையில் 1200. புள்ளிக்குரிய இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் 12.00. பிற்பாடு சப்ளையை 30 வோல்ட்டுக்கு ஏற்றியபோது, 10 கே இடத்தில் 1 கே போட்டு, டிரிம்பாட்டைக் கொஞ்சம் திருப்பி, அந்த ஈயச் சொட்டை ஒரு இடம் தள்ளி வைத்தேன். வேலை முடிந்தது. குட்டி மீட்டரில் இதே டிவைடரை மாற்றினால் எண் மட்டும்தான் மாறும். புள்ளி எங்கே வரவேண்டும் என்பதை அந்தப் பூட்டிய புரோகிராம்தான் முடிவு செய்யும். ரிப்பேரிலும் இதே கதை. 7107 போனால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிப் புதியதைச் சொருகலாம். குட்டியில் புதுச் சிப் ஒட்டினாலும் அது வெறும் சிப்தான்.

7107-லும் குறை இருக்கிறது. எல்இடியை அதே ஐசி நேரடியாக ஓட்டுவதால் சூடாகும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ரெஃபரன்ஸ் ஆடும். 1000 காட்டும்போது இலக்கங்களின் கோடுகளில் (செக்மென்ட்) 20 எரியும், 1111-க்கு எட்டுதான். இந்த வித்தியாசத்திலேயே கடைசி இலக்கம் ஒன்றிரண்டு பிசகலாம். அதனால் வெளியே தனி ரெஃபரன்ஸ் போடுவது நல்லது. நான் போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் டிரிம்பாட் வருஷக்கணக்கில் நகராமல் நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கரன்ட் அளக்க வேண்டுமென்றால் மட்டும் யோசியுங்கள். 7107-ஐ அப்படியே 0.1 ஓம் ஷன்ட்டில் (கரன்ட் ஓடும் வழியில் போடும் சின்ன ரெசிஸ்டர்) வைத்தால் 2 ஆம்பியருக்கு 200 மில்லிவோல்ட் அங்கேயே விழுந்துவிடும். வோல்ட்-ஆம்பியர் சேர்ந்து வரும் குட்டிகளில் இன்னும் சின்ன ஷன்ட்டும், அதன் சிறு வோல்டேஜைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்பும் இருக்கும். அந்த வேலைக்கு அதில் ஒன்றைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.