மாநகராட்சிப் பள்ளிக் காலை உணவு: ஓரணா டிபனோடு வைத்துப் பார்த்தால்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடக்கும் விதத்தை எடைபோட ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக்குத்தான் முதலில் போகவேண்டும். 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிபன் கொடுக்கத் தீர்மானம் போட்டது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவை, அதாவது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கை, தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. படிப்பவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனால்தான் எண்ணிக்கை ஏறவில்லை என்பது அவர் காட்டிய காரணம். பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 பேர் படித்த இடத்தில், 1924-25இல் 1,671 பேர்!

இவ்வளவு பலன் தந்த திட்டம் நின்றது சமையலால் அல்ல, கணக்கால். செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் காட்டியிருந்தார்கள். அது செல்லாது என்று ஆங்கில அரசு தடுக்க, 1925 ஏப்ரல் முதல் தேதியோடு பிள்ளைகளின் சாப்பாடு போனது. எத்தனை பேர் பசியோடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்துக்கு மாநில பட்ஜெட்டிலேயே தனி ஒதுக்கீடு உண்டு. அதன் முதல் பலம் இதுதான்.

அளவும் தெளிவு: ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சேமியா, கோதுமை ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கூடவே காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கொன்றாக மாறி வருகிறது.

சிக்கல் வழியில்தான். சென்னையில் பொதுச் சமையற்கூடத்தில் சமைத்து வண்டியில் பள்ளிகளுக்குப் போகிறது. ரவை ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு என்பது அடுப்படியிலேயே பரிமாறினால் சரியான பதம். மூடிய பாத்திரத்தில் வண்டியேறினால் ரவை மிச்ச ஈரத்தையும் இழுத்துக் கட்டியாகிவிடும். ஓரத்தில் கரண்டி இறங்காது. ரவையை நன்றாக வறுத்து, தண்ணீரை மூன்றரைப் பங்காக்கி, சற்றுத் தளர்வாகவே இறக்கவேண்டும். பொங்கல் இன்னும் மோசம், ஆற ஆறப் பாறையாகும். அதைக் குழைய வேகவிட்டு, இறக்கும்போது வெந்நீர் சேர்த்துக் கிளறினால்தான் பள்ளி போய்ச் சேரும்வரை தாங்கும். சாம்பார் தனிப் பாத்திரத்தில், கொதியோடு ஏறவேண்டும். பரிமாறும்வரை எல்லாமே 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றிலும் பருப்பிலும் கிருமி வேகமாகப் பெருகும்.

இன்னொரு குறை: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே 50 கிராம்தான். ஐந்து வயதில் தட்டில் மிஞ்சும், பத்து வயதில் பற்றாது. மொத்தத்தைத் தலைக்கணக்கில் சமைத்தாலும், கரண்டியை வகுப்புக்குத் தக்கபடி போடலாம். சின்ன வகுப்புகளுக்கு முதலில் அளவாக வைத்து, மிச்சத்தை நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு இரண்டாம் முறை கொண்டுபோனால் கூடுதல் செலவே இல்லை. மீந்ததை வகுப்புவாரியாக ஒரு நோட்டில் குறித்து, காலிப் பாத்திரத்தோடு சமையற்கூடத்துக்கே அனுப்பட்டும். மறுவார அளவை அதை வைத்தே திருத்தலாம்.